ஐந்து குரங்குகளை விட்டுவிடுங்கள்: ஆளுமைப் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆளுமைப் பயிற்சியாளர்களுக்கும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு வங்கி ஊழியன். இருபத்தாறு வருட சர்வீஸ். இத்தனை வருடத்தில் உங்களில் பலருடைய வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். ஹோட்டல் ஹாலில், பயிற்சி மையத்தில், கொரோனா சமயத்தில் செல்போன் திரையில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகும் நேரத்தில் நீங்கள் எடுக்கும் ஆயுதங்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி. எழுந்து நின்று கைதட்டச் சொல்வீர்கள். தட்டுவோம். "சத்தம் பத்தல" என்பீர்கள். இன்னும் பலமாகத் தட்டுவோம். பக்கத்தில் இருப்பவரின் தோளைப் பிடித்துவிடச் சொல்வீர்கள். அதையும் செய்வோம். அறுபது பேரும் சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டு உட்கார்ந்ததும், திரையில் ஐந்து குரங்குகள் வரும். "ஃபிரண்ட்ஸ், மந்தையா இருக்காதீங்க" என்று ஆரம்பிப்பீர்கள்.

இந்த மடல் அந்தக் குரங்குகளைப் பற்றியது. அவற்றுக்கு அடுத்த ஸ்லைடில் வரும் கோடுகளைப் பற்றியதும்தான்.

குரங்குக் கதை உங்களுக்குத் தெரியும். வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கூண்டில் ஐந்து குரங்குகள், நடுவில் ஏணி, உச்சியில் வாழைப்பழம். ஒரு குரங்கு ஏறினால் மற்ற நான்கின் மேல் சில்லென்று தண்ணீர் அடிப்பார்கள். கொஞ்ச நாளில் எது ஏறப் போனாலும் மற்றவை இழுத்துப் போட்டு அடிக்கும். அப்புறம் ஒவ்வொரு குரங்காக மாற்றுவார்கள். கடைசியில் தண்ணீரையே பார்க்காத ஐந்து குரங்குகள் இருக்கும். ஆனாலும் ஏறப் போகிறதை அடிக்கும். ஏன் என்று கேட்டால், "இங்கே அப்படித்தான்."

நல்ல கதை. என் மகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஒரே குறை, இப்படி ஒரு சோதனை நடந்ததாக ஆய்விதழ் எதிலும் பதிவில்லை. கேரி ஹேமலும் சி.கே. பிரகலாதும் 1994-இல் வெளியிட்ட நிர்வாகவியல் நூலில் இதன் ஒரு வடிவம் இருக்கிறது. அங்கே குரங்குகள் நான்கு, ஏணிக்குப் பதில் கம்பம், செய்த விஞ்ஞானியின் பெயர் கிடையாது. (பிரகலாத் கோயம்புத்தூரில் பிறந்தவர். அந்த வகையில் இந்தக் குரங்குகள் நமக்குத் தூரத்துச் சொந்தம்.) ஓரளவு பக்கத்தில் வரும் உண்மையான ஆய்வு ஒன்று 1967-இல் வந்தது. ஸ்டீஃபன்சன் என்பவர் ரீசஸ் குரங்குகளை இரண்டிரண்டாக வைத்துச் செய்தது. ஒரு பொருளைத் தொட்டால் காற்றை வேகமாக அடித்துப் பயமுறுத்தினார்கள். பிறகு, பயந்த குரங்கோடு புதிய குரங்கு ஒன்றை விட்டார்கள். அப்படிப் பயந்திருந்த ஆண் குரங்கு ஒன்று தன் கூட்டாளியை அந்தப் பொருளிடமிருந்து இழுத்ததும் நடந்தது. அவ்வளவுதான். ஏணியும் இல்லை, வாழைப்பழமும் இல்லை, தண்ணீரும் இல்லை.

போன வருடம் எங்களுக்கு வகுப்பெடுத்தவர், அது ஹார்வர்டில் நடந்த ஆராய்ச்சி என்றே சொன்னார். நான் அஞ்சல் வழியில் உளவியல் எம்.ஏ. படித்தவன். அந்தப் படிப்பு பதவி உயர்வுக்கு உதவவில்லை, இந்த மாதிரி நேரங்களில் எரிச்சல்படத்தான் உதவுகிறது. அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். கையைத் தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை. சுற்றிலும் எல்லோரும் சிரித்துக்கொண்டும் தலையாட்டிக்கொண்டும் இருந்தார்கள். நானும் தலையாட்டினேன்.

சரி, இப்போது கோடுகளுக்கு வருவோம். இவை நிஜம்.

உளவியலாளர் சாலமன் ஆஷ் 1907-இல் வார்சாவில் பிறந்த யூதர். பையனாக இருக்கும்போதே குடும்பத்தோடு அமெரிக்கா போனவர். சின்ன வயதில் யூதர்களின் பாஸ்கா பண்டிகை விருந்து இரவில், யாரும் உட்காராத இடத்தில் கூடுதலாக ஒரு கிண்ணம் திராட்சை ரசம் ஊற்றி வைத்ததைப் பார்த்து யாருக்கு என்று கேட்டாராம். எலியா தீர்க்கதரிசி வந்து குடிப்பார், கிண்ணத்தையே கவனமாகப் பார், கொஞ்சம் குறையும் என்றார் மாமா. பார்த்தார். குறைந்த மாதிரியே இருந்தது. பிற்காலத்தில் அவரே சொன்ன கதை இது.

பென்சில்வேனியாவில் ஸ்வார்த்மோர் கல்லூரியில் பேராசிரியராக இருந்தபோதுதான் அந்தப் புகழ்பெற்ற சோதனையைச் செய்தார். முடிவுகள் 1951 முதல் 1956 வரை வெளிவந்தன. ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னொரு அட்டையில் மூன்று கோடுகள். முதல் கோட்டின் நீளத்துக்குச் சமமானது எது? ஏழெட்டு மாணவர்கள் வரிசையாக உட்கார்ந்து சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும். அதில் ஒருவர் மட்டும் நிஜமாகச் சோதிக்கப்படுபவர். மற்றவர்கள் ஆஷ் சொல்லிக்கொடுத்து உட்காரவைத்த ஆட்கள். பாவம் அந்த ஒருவரின் முறை கடைசியில், அல்லது கடைசிக்கு முன்னால் வரும். மொத்தம் 18 சுற்று. 12-இல் மற்ற அத்தனை பேரும் வாய்கூசாமல் ஒரே தவறான கோட்டைக் காட்டுவார்கள். கேள்வி அவ்வளவு சுலபம் என்பதால், தனியாக உட்கார்ந்து எழுதியவர்கள் செய்த பிழை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

கூட்டத்தில் என்ன ஆயிற்று? நீங்கள் ஸ்லைடில் கொட்டை எழுத்தில் போடுவது: நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள். சரிதான். நீங்கள் போடாதது: கூட்டம் தவறாகச் சொன்ன அந்த 12 சுற்றுகளில் வந்த பதில்களில் கூட்டத்துக்கு இசைந்தவை 36.8 சதவீதம், மீதி 63 சதவீதத்துக்கும் மேல் கண்ணால் கண்டதையே சொன்ன பதில்கள். நாலில் ஒருவர் கடைசிவரை ஒருமுறைகூட அசையவில்லை. கிட்டத்தட்ட எல்லாச் சுற்றிலும் கூட்டத்தோடு போனவர்கள் கொஞ்சம் பேர்தான். முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேர் ஒரே குரலில் சொன்னதற்கு எதிராக, முகம் சிவந்து, நெளிந்து, "மன்னிக்கணும், எனக்கு வேற மாதிரி தெரியுது" என்று திரும்பத் திரும்பச் சொன்ன கல்லூரிப் பையன்கள்தான் அங்கே அதிகம். இதை வைத்து "மனிதன் ஒரு செம்மறியாடு" என்று எப்படி முடிக்கிறீர்கள்?

இதில் நீங்கள் மட்டும் குற்றவாளி இல்லை. அமெரிக்கப் பாடநூல்களே ஆஷின் முடிவைத் திரித்துச் சொல்லிக்கொண்டு வந்ததை 1990-இல் ஒரு கட்டுரை புத்தகம் புத்தகமாகப் புரட்டிக் காட்டியது. வருடம் ஆக ஆக, பணிந்தவர்கள் பெரிதாகிக்கொண்டே போனார்கள், நிமிர்ந்து நின்றவர்கள் அடிக்குறிப்புக்குள் போய்விட்டார்கள்.

போகட்டும். எண்களில் நீங்கள் செய்யும் அநியாயத்தைவிட, சோதனையின் பாதியை விட்டுவிடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஆஷ் முதல் முடிவோடு நிற்கவில்லை. கூட்டத்தின் அளவை மாற்றிப் பார்த்தார். எதிரில் ஒரே ஆள் என்றால் பிழை 3.6 சதவீதம். இரண்டு பேர் என்றால் 13.6. மூன்று பேர் என்றால் 31.8. அதற்கு மேல் ஆட்களைக் கூட்டியும் பெரிதாக ஏறவில்லை. "நாலு பேர் என்ன சொல்லுவாங்க" என்று நம் வீடுகளில் பயப்படுவோமே. ஆஷ் கணக்கில் மூன்று பேரே போதும்.

அப்புறம், வரிசையில் ஒருவரை மட்டும் உண்மை சொல்ல வைத்தார். மற்றவர்கள் எல்லாம் பழையபடி தவறு. தனக்கு முன்னால் ஒரே ஒருவர் சரியான கோட்டைச் சொன்னதும், பணிந்துபோவது கால்வாசியாகக் குறைந்தது. இதைவிட விசித்திரம் இன்னொன்று. அந்தக் கூட்டாளியையும் தவறாகச் சொல்ல வைத்தார், ஆனால் கூட்டம் சொன்னதைவிட மோசமான வேறொரு தவறு. அப்போதும் பிழை 9 சதவீதத்துக்கு விழுந்தது. அதாவது அவர் சரியாகச் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. எல்லோரும் ஒன்றுபோல இல்லை என்று தெரிந்தாலே வாய் திறக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். நடுவழியில் அந்தக் கூட்டாளியை எதிர்ப்பக்கம் சாய வைத்தார் ஆஷ். உடனே பிழைகள் எகிறின. பிறகு வேறு மாதிரி செய்தார். ஆறு சுற்று முடிந்ததும் கூட்டாளி, டீனைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தபடி, எழுந்து போய்விடுவார். மிச்சச் சுற்றுகளில் சோதிக்கப்படுபவர் தன்னந்தனி. இப்போதும் பிழை கூடியது, ஆனால் கட்சி மாறியபோது கூடிய அளவுக்கு இல்லை. ஆள் போன பிறகும் தெம்பு கொஞ்சம் அங்கேயே இருந்தது.

உங்கள் வகுப்பில் இதை ஒருதடவைகூட நான் கேட்டதில்லை. ஏன் என்று யோசித்திருக்கிறேன். "மந்தையாக இருக்காதே, சிங்கமாக இரு" என்பது மேடையில் நன்றாக எடுபடும். "பக்கத்து நாற்காலிக்காரர் வாய் திறந்தால் நீங்களும் திறப்பீர்கள்" என்பதற்கு யார் கைதட்டுவார்கள்? ஆனால் ஆஷ் கண்டது இரண்டாவதைத்தான். சிங்கங்களைத் தேடிக்கொண்டு அவர் போகவில்லை.

அலுவலகத்தில் இதன் மதிப்பு என்ன என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஒரு கிளையில் கடன் விண்ணப்பங்களை நாலைந்து பேர் உட்கார்ந்து பார்ப்போம். மேலாளர் கோப்பைத் திறந்ததுமே "நல்ல பார்ட்டி, எனக்குத் தெரிஞ்சவர்" என்பார். வரிசையாக எல்லோரும் "ஓகே சார்." ஒரு தடவை குடோனை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த இளைய அதிகாரி ஒருவர் இருந்தார். கணக்கில் காட்டிய சரக்கில் பாதிகூட அங்கே இல்லை என்று அவருக்குத் தெரியும். அவர் முறை கடைசி. அவரும் "ஓகே சார்" என்றார். அந்தக் கடன் வாராக்கடன் ஆனது. விசாரணையில் அவரைத்தான் முதலில் கேட்டார்கள்: நேரில் பார்த்தவர் ஏன் சொல்லவில்லை? அவர் கோழையா? அவரோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், இல்லை. யூனியன் கூட்டத்தில் தலைவரையே நிற்க வைத்துக் கேள்வி கேட்கிற ஆள்.

அடுத்து வந்த மேலாளர் பேசுவதற்கு முன்னால் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுப்பார். கருத்தை எழுதிய பிறகுதான் பேச்சு. கடைசியில் சேர்ந்தவர் முதலில் பேச வேண்டும், அவர் கடைசியில். அந்த அம்மாவுக்கு ஆஷைத் தெரியுமா என்று தெரியாது. ஆனால் ஆஷும் தன் ஆய்வில் ஆளைச் சத்தமாகச் சொல்லவிடாமல் எழுதித் தரச் சொல்லிப் பார்த்திருக்கிறார், பணிந்துபோவது குறைந்தது. வாக்குச் சாவடியில் இயந்திரத்தைச் சுற்றி அட்டை மறைப்பு வைக்கிறார்களே, அதுவும் இந்தச் சங்கதிதான். அந்தச் சீட்டு வழக்கம் வந்த பிறகு எங்கள் கூட்டங்களில் யாரும் சிங்கமாக மாறவில்லை. அதே ஆட்கள்தான். பேச ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான்.

ஆஷ் சோதனை முடிந்ததும் ஒவ்வொருவரையும் உட்காரவைத்துப் பேசினார். பணிந்தவர்களில் சிலர், தங்கள் கண்ணில்தான் ஏதோ கோளாறு, இத்தனை பேர் தப்பாகச் சொல்வார்களா என்று நினைத்ததாகச் சொன்னார்கள். சிலர், தப்பு என்று தெரியும், ஆனால் ஒட்டாமல் நிற்கப் பிடிக்கவில்லை என்றார்கள். இரண்டும் ஒன்றல்ல. "ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருத்தன் ஓடினால் கேட்டு ஓடு" என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. அதில் மந்தைத்தனம் இல்லை. ஊரே ஓடுகிறது என்றால் ஆற்றில் வெள்ளம் வந்திருக்கலாம். நின்று ஆராய்கிறவன்தான் முட்டாள். மற்றவர்கள் சொல்வதைச் சாட்சியாக எடுத்துக்கொள்வது அறிவின் ஒரு பகுதி. ஆஷும் இதை மறுத்தவர் இல்லை. சமூகம் என்றால் ஒத்த கருத்து வேண்டும், ஆனால் அவரவர் தன் கண்ணால் கண்டதைக் கொண்டுவந்து சேர்த்தால்தான் அந்த ஒத்த கருத்துக்குப் பயன் என்பதுதான் அவருடைய எழுத்தின் சாரம். உங்கள் வகுப்பில் ஊரோடு ஒத்துப்போகிற எல்லாமே கேவலம். பிறகு கடைசி அமர்வில் "டீம் வொர்க்" என்று ஒரு ஸ்லைடு வருகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு டீ பிரேக் இருப்பதால் யாரும் கேட்பதில்லை.

நீங்கள் காட்டும் லிஃப்ட் வீடியோவுக்கும் ஒரு வார்த்தை. எல்லோரும் பின்பக்கம் திரும்பி நிற்க, நடுவில் மாட்டியவரும் மெல்லத் திரும்புவாரே, அது ஆஷ் சோதனை இல்லை. 1962-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'கேண்டிட் கேமரா' என்ற வேடிக்கை நிகழ்ச்சி. ஒளிந்திருந்து படம் பிடித்துச் சிரிக்க வைப்பதுதான் அவர்கள் தொழில். சிரிப்பு வராத ஆட்களை ஒளிபரப்ப அவர்களுக்கு என்ன அவசியம்?

நியூயார்க் கொலைக்கும் இதே கதி. 1964-இல் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண்ணைக் குத்திக் கொன்றதை 38 பேர் ஜன்னலிலிருந்து வேடிக்கை பார்த்தார்கள் என்று சொல்லி ஹாலையே அமைதியாக்குவீர்கள். அந்த எண்ணை அச்சிட்ட நியூயார்க் டைம்ஸே பின்னால் அந்தச் செய்தி பிழையானது என்று ஒப்புக்கொண்டது. ஒருவர் ஜன்னலிலிருந்து கத்தி, குத்தியவனை விரட்டியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் ஓடிவந்து, ஆம்புலன்ஸ் வரும்வரை கிட்டியைத் தாங்கிப் பிடித்திருந்தார். அந்தச் செய்தி தூண்டிய ஆராய்ச்சிகள் உண்மை: 1968-இல் டார்லியும் லட்டானேயும் செய்த சோதனையில், அடுத்த அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்த சத்தம் கேட்டதும், தான் மட்டும்தான் கேட்கிறேன் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் உதவிக்கு எழுந்தார்கள், இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதம்தான். ஆனால் ஆம்ஸ்டர்டாம், லான்காஸ்டர், கேப் டவுன் தெருக்களில் கேமராவில் பதிவான 219 சண்டைகளைச் சில வருடங்களுக்கு முன்பு ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பதில் யாராவது ஒருவராவது குறுக்கே போயிருக்கிறார். நின்றவர்கள் கூடக்கூட, யாராவது உதவ வருவதும் கூடியது. அந்த 1968 ஆய்வகச் சோதனையில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. தெருவில் தெரியும்.

மில்கிராமையும் விடமாட்டீர்கள். ஸ்டான்லி மில்கிராம் ஆஷிடம் உதவியாளராக இருந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில், தவறாகப் பதில் சொல்பவருக்கு மின் ஷாக் கொடுக்கச் சொன்ன அவருடைய சோதனையில், 40 ஆண்களில் 26 பேர், சொல்லச் சொல்ல 450 வோல்ட் வரை சுவிட்சை அழுத்தினார்கள். (ஷாக் பொய், நடிப்பு.) இது எல்லா வகுப்பிலும் வரும். அதே மில்கிராம், பக்கத்தில் இரண்டு சகாக்களை உட்காரவைத்து, அவர்கள் நடுவில் "முடியாது" என்று எழுந்துவிட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்தார். கடைசிவரை போனவர்கள் 40-இல் 4. 26 எங்கே, 4 எங்கே! இதை ஏன் எந்த ஸ்லைடிலும் காணோம்?

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆஷின் எண்கள் கல்வெட்டு இல்லை. 1980-இல் இங்கிலாந்தில் பொறியியல், அறிவியல் மாணவர்களை வைத்துச் செய்தபோது 396 வாய்ப்புகளில் ஒரே ஒரு தடவைதான் ஒருவர் பணிந்தார். பதினேழு நாடுகளின் 133 ஆய்வுகளைச் சேர்த்து 1996-இல் பார்த்தபோது, அமெரிக்காவில் 1950-களுக்குப் பிறகு கூட்டத்துக்குப் பணிந்துபோவது குறைந்துகொண்டே வந்தது தெரிந்தது. குடும்பம், குழு என்று வாழும் நாடுகளில் அது கூடுதலாக இருந்தது. இந்தக் கடைசி வாக்கியத்தை எடுத்துக்கொண்டு "இந்தியர்களே இப்படித்தான்" என்று நாளைக்கே ஸ்லைடு போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. குழுவாக வாழும் ஊரில், எதிரே இருப்பவர் முகம் சுண்டாமல் பார்த்துக்கொள்வது மரியாதையும்கூட. அட்டையில் இருக்கும் கோட்டுக்காக ஏன் ஒருவரைச் சங்கடப்படுத்த வேண்டும் என்று நினைப்பவரை ஆடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று தெரியும். ஒருவர் நேரிலேயே சொன்னார்: "சார், கதை உண்மையா பொய்யா முக்கியமில்ல, கருத்துதான் முக்கியம்." சரி, கருத்தையே எடுத்துக்கொள்வோம். மனிதர்கள் மந்தை என்றால், பேசாமல் இருந்த அந்த இளைய அதிகாரிக்குத் தைரியம் போதாது, தவறு அவருடையது, மேலாளர் முதலில் பேசியதில் ஒன்றுமில்லை. நிர்வாகத்துக்கு இது ரொம்ப வசதியான கருத்து. உங்களுக்குச் சம்பளம் தருவதும் நிர்வாகம்தான். நான் குத்திக்காட்டுவதாக நினைக்க வேண்டாம். வங்கியில் எனக்கும் சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் ஆஷின் முழுச் சோதனையைச் சொன்னால், கேள்வி மேலாளர்கள் பக்கம் திரும்பும். உங்கள் கூட்டத்தில் யார் முதலில் பேசுகிறார்கள்? மாற்றுக் கருத்து சொன்ன முதல் ஆளுக்கு என்ன நடந்தது? இரண்டாவது ஆள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாரா?

நான் கேட்பது அதிகம் இல்லை. குரங்குகளைக் கதை என்றே சொல்லிவிட்டுச் சொல்லுங்கள், கேட்க நாங்கள் தயார். லிஃப்ட் வீடியோவையும் போடுங்கள், எங்களுக்கும் சிரிக்கப் பிடிக்கும். ஆஷ் ஸ்லைடுக்கு அடுத்து இன்னொரு ஸ்லைடு, அந்தக் கூட்டாளிக்கு ஒன்று. முடிந்தால், "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று ஹாலைப் பார்த்துக் கேட்பதை விட்டுவிட்டு, சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். என்ன வருகிறது என்று பாருங்கள்.

போன வருட வகுப்பில் டீ பிரேக் விட்டதும், எங்கள் கிளையில் கேஷ் கவுன்டரில் இருக்கும் பெண் கப்போடு என் பக்கத்தில் வந்து நின்றார். பணியில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. "சார், அந்தக் குரங்கு மேட்டர் நிஜமா? கூகுள்ல தேடினேன், எதுவும் ஒழுங்கா வரல" என்றார். நிஜம் இல்லம்மா என்றேன். "அப்ப ஏன் சார் நீங்க சொல்லல?" என்றார். நீ ஏன் கேட்கவில்லை என்றேன். "நீங்களே தலையாட்டுனீங்க, அதான்."

அடுத்த மாதம் எங்கள் மண்டலத்துக்கு மறுபடி பயிற்சி இருக்கிறது. யார் வருகிறார்கள் என்று இன்னும் சொல்லவில்லை. உங்களில் ஒருவராகத்தான் இருக்கும். குரங்குகள் வந்தால் மூன்றாவது வரிசையில் ஒரு கை மேலே போகும். என்னுடையது முதலில் போகும் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. அதனால் தன் கையையும் தயாராக வைத்திருப்பதாகச் சொன்னார்.

இப்படிக்கு,
மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு வங்கி ஊழியன்